துஷ்டி கேட்க வந்த மீன்கள்

வெயிலுமுத்து செத்துப்போனது மத்தியானம். ஊர் அதைக் கண்டுபிடித்தது சாயங்காலம். இடையில் அத்தனை நேரமும் அவர் நெடுங்குளத்துக் கரையில் தன் கல்லின் மேல் உட்கார்ந்து, இடது கையில் மூங்கில் கம்பைப் பிடித்தபடி தூண்டில் தக்கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஆடு பத்திப் போனவர்களும், மண் லாரி ஓட்டிப் போனவர்களும், சும்மா போனவர்களும், "அண்ணாச்சி, என்ன, கடிக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததைப் பற்றிக் கவலைப்படாமல் போனார்கள். ஏனென்றால் தூண்டில் போட்டிருக்கிற வெயிலுமுத்து உயிரோடு இருந்த காலத்திலும் யாருக்கும் பதில் சொன்னதில்லை. கடைசியில் அவர் மனைவி முப்பிடாதிதான் வந்து தோளைத் தொட்டாள், தொட்டதும் தெரிந்துகொண்டாள். கம்பை அவர் கையிலிருந்து எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஊர் அழுதது. அழுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் பரமார்த்தலிங்கம் ஆளுயர மாலையோடு வந்து, பாடைக்குத் தோள் கொடுத்து, மூக்கைச் சிந்திப் போட்டு, "ஊருக்கே ஒரு கண்ணு போச்சு" என்றார். குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டலாம் என்று கிராமசபையில் உயர்ந்த அத்தனை கைகளும் அன்று மாரில் அடித்துக்கொண்டன. கிராமசபை நடந்த அன்று நான் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன் என்பதைப் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை, அது கிடக்கட்டும்.

வெயிலுமுத்துவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பிழைப்புக்கு அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். கருகிப்போன மோட்டாரைப் பிரித்துப் போட்டு, செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, மறுபடி ஓடவைத்துக் கொடுப்பார். ஆனால் ஊருக்கு அவர் தூண்டில்காரர். குளம் நிறைந்து மறுகால் பாய்கிற தை மாதத்தில் எங்களுக்குத் தூண்டில் பந்தயம் உண்டு. சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் கம்பும் புழு டப்பாவுமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். பானைக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்து, எந்தக் கல் வருகிறதோ அந்தக் கல்லில் உட்காரவேண்டும். பிடித்த மீனைச் சாகவிடாமல் தண்ணீருக்குள் கட்டிய வலைப்பையில் போட்டு வைக்கவேண்டும். சங்கு ஊதியதும் எடை, எடை முடிந்ததும் மீன் மறுபடி குளத்துக்கு. எருமை இறங்குகிற சகதி மூலைக் கல் வந்தாலும் ஜெயிக்கிறவர் வெயிலுமுத்துதான். பந்தயம் இல்லாத நாட்களில் அவருக்கென்று கரையில் ஒரு கல் உண்டு. தண்ணீர் பிடிக்கிற குடம், சோறு வடிக்கிற அண்டா, பொங்கல் பானை என்று முப்பிடாதியின் அடுப்படியில் இருந்த பாத்திரமெல்லாம் குளம் பரிசாகக் கொடுத்தவை.

எந்தக் கல் வந்தாலும் அவரிடம் வருசா வருசம் தோற்றவன் நான். தோற்றவனுக்கே அவரைப் பிடித்திருந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவேண்டாம். ஒருமுறை சங்கு ஊதியபிறகு என் தோளில் கை போட்டு, "ஒம்ம தக்க ரொம்ப பயப்படுதுவே. நீரு பயந்தா அதும் பயப்படத்தானே செய்யும்?" என்றார். அதற்கடுத்த வருசம் பயப்படாமல் உட்கார்ந்தேன். அப்போதும் தோற்றேன்.

அவருடைய தூண்டில் முள் மற்றவர்கள் முள் மாதிரி இருக்காது. மீன் கழன்றுவிடாமல் இருக்க முள்நுனியில் எதிராக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சின்னக் கொக்கியை அரத்தால் ராவி மழுக்கிவிடுவார். "வலிக்காம வரணும், வலிக்காம போவணும்" என்பார். அப்படியும் அவரிடமிருந்து ஒரு மீன் கழன்றதில்லை. இடது கையால் வெட்டி இழுப்பதால், அவர் பிடித்த மீனுக்கெல்லாம் உதட்டில் ஒரே ஓரத்தில் எள்ளளவு தழும்பு விழும். எடை முடிந்ததும் நாங்களெல்லாம் வலைப்பையைக் குளத்தில் உதறிவிட்டு மேடைக்கு ஓடுவோம். அவர் ஒவ்வொரு மீனையும் இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் இறக்கி, "போயிட்டு வா" என்று சொல்லுவார். அது கேட்டுக்கொண்டு, வாலை ஒரு ஆட்டு ஆட்டிப் போகும். மேடையில் தலைவர் மைக்கில் அவர் பெயரைக் கத்திக்கொண்டே இருப்பார். இவர் கடைசிக் கெண்டைக்குஞ்சு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

குளத்தைத் தூர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் அந்த மனிதர் ஊருக்கு எதிராக முதல்முதலாக வாய் திறந்தார். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரியை வரவழைத்தார். அதிகாரி கரையில் நின்று, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். வெயிலுமுத்து தூண்டிலை வீசி, ஒரு விராலைத் தூக்கி அதிகாரியின் கையில் கொடுத்தார். உயிருள்ள குளத்தை மூடக்கூடாது என்று சொல்லிவிட்டு, நனைந்த சட்டையைத் துடைத்துக்கொண்டு அதிகாரி போய்விட்டார். அந்த வருசமே தலைவர் பந்தயத்தை நிறுத்தினார். மீனை எடைபோட்டு நாலு ஊருக்குக் காட்டினால்தானே குளத்தில் மீன் இருப்பது தெரியும்? பிறகு மராமத்து என்ற பெயரில் கரையோரமாக மண் விழுந்தது. விழுந்த மண்ணெல்லாம் வெயிலுமுத்துவின் கல்லைச் சுற்றித்தான் விழுந்தது. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அவர் தூண்டில் நரம்பை நீளமாக்கிக்கொண்டே போனார். முன்பு பாதத்தை நனைத்த குளம் அவர் சாகும்போது கூப்பிடு தூரத்தில் கிடந்தது. மாரடைப்பு என்றார்கள். என் வாயில் வேறு வார்த்தை வருகிறது.

சாம்பல் கரைத்த மறுநாள் காலையில் மீன்கள் துஷ்டி கேட்க வந்தன.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், தெருவையே வாய்க்கால் என்று நினைத்ததுபோல, அவை நீந்தி வந்தன. முன்னால் கிழட்டு விரால்கள், அவற்றை ஒட்டி மீசை வைத்த கெளுத்திகள், பின்னால் கட்லாக்களும் கெண்டைகளும், கடைசியில் கூட்டமாக ஜிலேபிக்குஞ்சுகள் என்று, குளத்தங்கரையிலிருந்து ஏறி, கோயில் முக்கில் திரும்பி, ரேஷன் கடை வரிசையைக் கலைக்காமல் ஒதுங்கி, பால்காரர் சைக்கிளை ஓரம்கட்டி வழிவிட, வெயிலுமுத்துவின் வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தன. எல்லாவற்றுக்கும் உதட்டில் ஒரே ஓரத்தில் எள்ளளவு தழும்பு இருந்தது. "வெளியூர் மீனு ஒண்ணுகூட இல்ல, எல்லாம் நம்ம அண்ணாச்சி புடிச்சதுதான்" என்று பந்தலில் இருந்தவர்கள் சொல்லி, நாற்காலிகளை நகர்த்திப் போட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு ஒரு முறை உண்டு. துஷ்டி கேட்க வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடக்கூடாது. தலையை மட்டும் அசைக்கவேண்டும். அவர்களும் உட்கார்ந்துவிட்டு, "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் எழுந்து போய்விடவேண்டும். வீட்டுக்காரர்களும் "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பக்கூடாது. சொன்னால் அந்த இடத்தில் இன்னொரு சாவு விழும், இன்னொரு துஷ்டி வரும். முப்பிடாதி அந்த முறைப்படியே, விளக்குக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தபடி மீன்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். மீன்கள் விளக்கைச் சுற்றி நின்று வாயைத் திறந்து திறந்து மூடின.

ஊர் பழகிக்கொண்டது, எதற்குத்தான் எங்கள் ஊர் பழகவில்லை? முதல் நாள் பெண்களுக்கு ஒரே சங்கடம், கட்டிப்பிடித்து அழத் தோள் இல்லாத உறவை எப்படிக் கட்டி அழுவது என்று. பிறகு ஒருத்தி ஒரு கிழட்டு விராலின் முதுகில் கையை வைத்து ஒப்பாரியைத் தொடங்க, மற்றவர்களும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பி கொடுத்தார்கள், மீன்கள் குடிக்கவில்லை. பூனைகள் தெருவுக்குள் வரவே வெட்கப்பட்டு மச்சுகளில் படுத்துக் கிடந்தன. முதல் மூன்று நாள் ஊரில் யாரும் மீன் குழம்பு வைக்கவில்லை. நாலாம் நாள், அடுத்த தெருவில் மட்டும் வைத்தார்கள். அதற்கப்புறம் வெளியூரிலிருந்து வேனில் வந்து பார்க்கத் தொடங்கினார்கள், பந்தலுக்கு எதிரே ஒருவர் டீக்கடை போட்டார், இன்னொருவர் விராலோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை ஒழுங்குபடுத்தினார். துஷ்டி வீடு என்று சொல்லி நான் சத்தம்போட்டதற்கு, "செத்தவருக்குப் பெருமதானவே? ஒமக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்றார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான். வேறு எங்கே எரியும்?

மீன்கள் போகவில்லை. துஷ்டிக்கு வந்த மனிதர்களெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்கள். மீன்கள் மட்டும் செதிள் மங்கி, கண் வெளுத்து, விளக்கைச் சுற்றியே நின்றன. முப்பிடாதிக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் கையிலிருந்து எந்த மீனும் "போயிட்டு வா" என்ற வார்த்தையைக் கேட்காமல் போனதில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் அவை நிற்கின்றன. அந்த வார்த்தையைத்தான் இந்த வீட்டில் சொல்லக்கூடாது.

தலைவருக்கு இது எதுவும் விளங்கவில்லை. அவருக்கு வேறொன்று விளங்கியது. அதே அதிகாரியைக் காரில் கூட்டிவந்து குளத்தங்கரையில் நிறுத்தி, வலையை வீசச் சொன்னார். வலை வெறுமனே வந்தது. இன்னொரு முறை வீசினார்கள். பாசி வந்தது. "பாத்தீயளா சார், உசுரே இல்ல" என்றார். அதிகாரி இந்த முறை சட்டை நனையாமல் போனார். பதினாறாம் நாள் பூமி பூசை என்று முடிவாயிற்று. அன்றைக்குத்தான் வெயிலுமுத்துவுக்குக் காரியம் என்று ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை, அல்லது ஞாபகப்படுத்தியும் பயனில்லை. அவர் செத்த கல்லைச் சுற்றிக் கொட்டிய மண்ணின்மேலேயே மேடை போட்டு, பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைக் கையில் பிடித்துச் சிரிக்கிற அவர் படத்தையே பெரிதாக வைத்து, "வெயிலுமுத்து நினைவுப் பேருந்து நிலையம்" என்று பேனர் கட்டினார்கள். ஒரு மனிதனின் குளத்தை மூடி, அந்த மூடிக்கு அவன் பெயரையே வைக்க எங்களால்தான் முடியும்.

பேனரைக் கட்டிவிட்டுத் தலைவர் பந்தலுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, பேரு வச்சிருக்கோம். ஆயிரம் பஸ்ஸு வரும், ஆயிரம் பஸ்ஸுலயும் அவர் பேரு" என்றார்.

"அவிய மூடாதீயன்னு சொன்ன குளம்லா அது?" என்றாள் முப்பிடாதி.

"நானா மூடுதேன்? மீனே காலி பண்ணிட்டு வந்துட்டுல்லா. இன்னா, ஒன் வீட்டுலதான நிக்கி." அவர் மீன்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஓட்டுக் கேட்டுப் பழகின கை, எதைப் பார்த்தாலும் கும்பிடும். "நீ ஒண்ணும் யோசிக்காத. மேடையில ஒனக்கு முன் வரிசையில நாற்காலி போட்டிருக்கு."

அவர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "மதினி, பூசைக்கு முன்னால இதுகள கொளத்துக்கு அனுப்பிட்டா மேல பேச்சே இல்ல. ஒரு வார்த்ததானே? சொல்லிருங்க" என்றேன்.

"துஷ்டி வீட்டுல வச்சா?"

"ஆமா. வேற என்ன செய்ய?"

"இங்க வச்சு சொன்னா இங்க இன்னொரு சாவு விழும். விழட்டும், எனக்கென்ன, நான் ஒருத்திதான மிச்சம்." அவள் விளக்குத் திரியைத் தூண்டினாள். "ஆனா இது எப்படி துஷ்டி வீடாவும்? அவிய இங்கயா செத்தாவ?"

பதினாறாம் நாள் காலையில், காரியத்துக்கு வந்த ஐயர் இலையைப் போடும் முன்பே, அவள் விளக்கை ஒரு கையிலும் செம்பை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தாலி அறுத்தவள் மூலையில்தான் இருக்கவேண்டும் என்று இரண்டு கிழவிகள் வழிமறித்தார்கள். அவள் பார்த்த பார்வையில் அவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் விரால்கள் கிளம்பின, விரால்களுக்குப் பின்னால் கெளுத்திகள், கெண்டைகள், குஞ்சுகள், அவற்றுக்குப் பின்னால் வேனில் வந்தவர்கள், டீக்கடைக்காரர், பால்காரர், ஒப்பாரி வைத்த பெண்கள் என்று ஊரே, என்ன நடக்கிறது என்று பார்க்க வந்ததே தவிர எதையும் தடுக்க வராத எங்கள் ஊரே, குளத்தங்கரைக்கு ஏறிப் போனது.

மேடைக்கு முன்னால் யாகக் குண்டத்தில் புகை கிளம்பியிருந்தது. மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி மண்ணில் பாதி புதைந்து கிடந்த அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, விளக்கை வைத்து, செம்பை வைத்து உட்கார்ந்தாள். மீன்கள் விளக்கைச் சுற்றி நின்றன. மேளம் தானாக நின்றது. பூசை செய்யவந்த குருக்கள் விளக்கையும் அவளையும் பார்த்தார், "தலைவரே, இது துஷ்டி எடமாயிட்டே. இங்க வச்சு பூமி பூச பண்ணக்கூடாது" என்று சொல்லி, தர்ப்பையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

தலைவர் மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றார். எதிரே ஊர் மொத்தமும் கரையேறி வந்துகொண்டிருந்தது. இத்தனை கூட்டத்தைக் கண்டதும், முப்பது வருசமாக அந்த நாக்கு பழகின பழக்கம், மூளையைக் கேட்காமலே வேலை செய்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, பல் தெரியச் சிரித்து, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க!" என்றார்.

துஷ்டி நடக்கிற இடத்தில், ஒலிபெருக்கியில், மூன்று தடவை.

நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். குளத்தின் மறுகரை வரைக்கும் போன அந்தச் சொல் அங்கே மோதித் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளம் மாதிரி வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெருமுனையில் இத்தனை நாளும் தயங்கி நின்ற உறவுக்காரர், கூப்பிட்ட குரல் கேட்டதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருவதுபோல வந்தது. கொட்டின மண்ணுக்குள்ளிருந்து ஊறியது, லாரித் தடங்களில் நிறைந்தது, மேடைக் கால்களைச் சுற்றியது. மண் கஞ்சியாகிக் கரைந்தது. லாரி ஒன்று மூக்குவரை முங்கியது. மேடை ஒரு பக்கமாகச் சாய, தலைவரை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் போட்டார்கள். பேனர் அறுந்து விழுந்து, வெயிலுமுத்துவின் படம் மல்லாந்து சிரித்தபடி மிதந்தது. தண்ணீர் கல்லை அடைந்து, விளக்கை அணைக்காமல் சுற்றிக்கொண்டு, முப்பிடாதியின் இடுப்பளவில் வந்து நின்றது. குளம் தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள். பக்கத்தில் நின்ற கிழட்டு விராலை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"ஐயோ மதினி, அந்த வார்த்தய மட்டும் சொல்லிராதீய!" என்று பெண்கள் கரையிலிருந்து அலறினார்கள். "இன்னொரு துஷ்டி வரும்!"

முப்பிடாதி திரும்பி எங்களைப் பார்த்தாள். அழுத முகமில்லை அது. "வரணும்லா?" என்றாள். "அவிய இங்கன செத்துக் கெடக்கையில, கடிக்கா கடிக்கான்னு கேட்டுட்டுப் போனீயளே. ஒருத்தராவது கிட்ட வந்து பாத்தீயளா? நல்லா கேட்டுக்கிடுங்க. இன்னொரு வண்டி மண்ணு இந்தத் தண்ணியில விழுந்தா இதுக மறுபடியும் வரும். அன்னைக்கு எவன் வீட்டுக்கு வருதுன்னு பாத்துக்கிடுதேன்."

பிறகு விராலைத் தண்ணீரில் இறக்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "போயிட்டு வாங்க" என்றாள்.

கெளுத்தியை இறக்கினாள், சொன்னாள். கெண்டையை இறக்கினாள், சொன்னாள். கடைசிக் குஞ்சு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். ஒவ்வொன்றும் கேட்டுக்கொண்டு வாலை ஆட்டிப் போனது. வெயில் உச்சிக்கு ஏறியது. நாங்கள் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கரையில் நின்றோம்.

தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் ஆத்திரம் அடங்காததற்கு அதுவும் காரணம். பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே புறம்போக்கில் வந்தது, அதைக் கொண்டுவந்தவரும் அவரே, குளத்தைக் காப்பாற்றியவரும் அவரே என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். அடுத்த தை மாதம் பந்தயத்தை மறுபடி தொடங்கிவைத்து, வெயிலுமுத்து நினைவுக் கோப்பை என்று பெயர்சூட்டி, சங்கை ஊதினவரும் அவர்தான். கண்ணெதிரே மீன்கள் துள்ளின. எவன் தூண்டிலிலும் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. அவருடைய கல்லில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

யாரும் ஜெயிக்காத கோப்பையை என்ன செய்வது என்று யோசித்து, அதை முப்பிடாதியிடமே கொடுத்துவிடலாம் என்று ஊர்கூடிப் போனோம். பந்தல் பிரித்து வருசம் ஒன்றாகியிருந்தது. வாசற்படியில் நின்ற அவள் கோப்பையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், தலையை மட்டும் அசைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்தோம். காப்பி கொடுத்தாள், குடித்தோம். எழுந்திருக்கும்போது என் நாக்கு நுனி வரைக்கும் வந்த "போயிட்டு வாரேன்" என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சொல்லாமல் இறங்கி வந்தேன்.

நல்லது கெட்டதற்கு இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறோம். பத்திரிகை வைக்கப் போனாலும், கருகின மோட்டாரைப் பற்றி விசாரிக்கப் போனாலும், என்னைப் போலச் சும்மா பார்க்கப் போனாலும், முப்பிடாதி வாசலுக்கு வந்து தலையை அசைக்கிறாள். இன்றுவரை எங்களில் ஒருவரையும் அவள் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை.